பால் புட்டியும் பால் சங்கும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் இட ஒதுக்கீட்டைப் பற்றியும், உயர் கல்வியைப் பற்றியும், போட்டித் தேர்வுகளைப் பற்றியும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார்கள். நானோ குழந்தைக்குப் புட்டிப் பால் கலக்குவது எப்படி என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழில் தலைப்பைக் கண்டு சிலர் நகைத்ததாகக் கேள்வியுற்றேன். நான் மருத்துவன் அல்லன், வரலாறு படித்தவன். என்றாலும், என்னை இந்தத் தலைப்பிற்கு இழுத்து வந்தது ஒரு பள்ளி வருகைப் பதிவேடுதான் என்பதால், கல்விக் கழக மேடையில் இதைப் பேச எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நாட்கள். ஏழாம் வகுப்புப் பதிவேட்டில், நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே தொடர்ந்து ஒன்பது நாட்கள் விடுப்பு என்றிருந்தது. நடவுக் காலத்தில் பெண் பிள்ளைகள் வராமற் போவது நம் பகுதிக்குப் புதிதன்று. எனினும், ஒன்பது நாள் என்பது நெஞ்சை உறுத்தவே, மாலையில் அவள் வீட்டிற்குச் சென்றேன். திண்ணையில் தூளி கட்டியிருந்தது. நான்கு மாதக் குழந்தை ஒன்று அதில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருக்க, அவள் அடுப்படியில் நின்று பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு மாவு போட்டாய் என்று கேட்டேன். "ரெண்டு கரண்டி சார். அடுத்த கூலி வர்ற வரைக்கும் டப்பா வரணும்னு அம்மா சொல்லிச்சு" என்றாள். புட்டி 240 மில்லி கொள்வது. நிரம்ப நீர் இருந்தது. டப்பாவின் மேல் பொடி எழுத்து ஆங்கிலத்தில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்று அச்சிட்டிருந்தது. அதனை அவளால் எழுத்துக் கூட்டத்தான் முடிந்தது. எட்டுக் கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு! வயிறு நிறைந்தது, குழந்தை நிறையவில்லை. அந்தப் புட்டியைக் காலையில் கலக்கி வைத்து நண்பகல் வரை மூன்று முறையாகப் புகட்டுவதாகவும் அவள் சொன்னாள்.

அந்தச் சிறுமியின் மீதோ, அவள் தாயின் மீதோ குற்றம் சொல்ல என் நா எழவில்லை. அன்றிரவு நான் போட்டுப் பார்த்த கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். நான்கு மாதக் குழந்தை 5 கிலோ எடையுள்ளது என்று கொள்வோம். தாய்ப்பால் இல்லாமல் மாவுப் பாலையே நம்பியிருந்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லி வீதம் 750 மில்லி பால் தேவை. 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்றால் 25 கரண்டி. ஒரு கரண்டி மாவு நாலரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நாளொன்றுக்கு 110 கிராம். 400 கிராம் டப்பா நான்கு நாள் கூட நிற்காது. மாதத்திற்கு எட்டு டப்பாவுக்கு மேல் ஆகிறது! கடையில் ஒரு டப்பாவின் விலையைக் கேட்டு எட்டால் பெருக்கிப் பாருங்கள். பிறகு, நடவாள் ஒருத்திக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். டப்பாவை நீட்ட வேண்டும் என்று அந்தத் தாய் சொன்னதில் வியப்பேதும் இல்லை.

இந்தக் கணக்கு எனக்குப் பழைய கணக்கு என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். 1977-இல் பிறந்தவள். நாற்பத்தைந்தாம் நாள் என் தாயார் நடவுக்கு இறங்கினார். பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டு நடுவார்கள். அது அழுதாலும் கரையேறிப் பால் கொடுக்கக் காரியக்காரர் விடமாட்டார். நடை நட்டம், நேரம் நட்டம் என்பார். அதனால்தான் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு, கண்ணாடிப் புட்டி ஒன்று வாங்கினார்கள். முதல் டப்பா தீர்ந்ததும் புட்டியில் கஞ்சித் தண்ணீர் ஏறியது. ஊர்க் கிணற்றில் எங்கள் தெருவுக்கு உரிமை இல்லை. வாய்க்கால் தண்ணீர்தான் குடிக்கவும், புட்டி கழுவவும். ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அந்தப் புட்டியை என் தாயார் நெடுங்காலம் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஆகவே, முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் குழந்தைக்குத் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. இது நம் பெண்கள் அறியாததன்று. அறிந்திருந்தும் புட்டி வீட்டுக்குள் நுழைந்ததற்கு வயல் ஒரு காரணம். வாணிகம் மற்றொரு காரணம்.

வாணிகத்தின் கதை நீளமானது. 1939-இல் சிங்கப்பூரில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ரோட்டரி சங்கக் கூட்டமொன்றில் எழுந்து, சர்க்கரை சேர்த்த டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்வது கொலைக்கு ஒப்பானது என்று முகத்துக்கு நேரே சொன்னார். செவிலியரைப் போல் உடை உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பி அந்தப் பாலை விற்ற காலம் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் தஞ்சைத் தரணி மக்கள் பலரும் மலாயாவில் பிழைத்த நாட்களும் அவையே. பின்னர் 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரிக்க, அமெரிக்கா ஒன்றே எதிர்த்து வாக்களித்தது. இந்தியாவில் 1992-இல் சட்டம் இயற்றி, 1993 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2003-இல் அதை மேலும் இறுக்கினார்கள். பால்மாவையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி தரக் கூடாது. நம் இளைஞர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பேறு முடிந்து வரும் பெண்ணின் கையில் யாரேனும் இலவச டப்பா ஒன்றைத் திணித்தால், அது அன்பளிப்பன்று, சட்டமீறல்.

இனி, புட்டிப் பால் கொடுத்தே தீர வேண்டிய நிலையும் உண்டு. தாய் இறந்துபோன பிள்ளை உண்டு. தாய் கடும் நோயில் கிடப்பதுண்டு. மருத்துவர் காரணம் கூறிப் பரிந்துரைப்பதுண்டு. பேத்தியை வளர்க்கும் கிழவிகள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அறமன்று. கொடுப்பதைக் கேடின்றிக் கொடுக்கும் வழியைச் சொல்வதே முறை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

புட்டியை விட்டொழியுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அதன் கழுத்து குறுகல். ரப்பர் காம்பின் உட்புறத்தில் பால் ஆடை படிந்து புளிக்கும். பிரஷ் விட்டுத் தேய்த்துக் காம்பை உட்புறம் வெளியாகத் திருப்பிக் கழுவி, பிறகு வேகவைத்தால்தான் அது தூய்மையாகும். விறகடுப்பில் நாளைக்கு எட்டு முறை இதை யார் செய்வது? ஆனால் நம் பாட்டிமார்களிடம் சங்கு இருந்தது. பாலாடை என்றும் சொல்வார்கள். வசதியுள்ளவர் வீட்டில் வெள்ளி, நம் வீட்டில் பித்தளை அல்லது எவர்சில்வர். வாய் அகன்றது, மூலை முடுக்கு இல்லை, விரல் விட்டுத் தேய்த்தால் அழுக்குப் போய்விடும். பழைமை என்று நாம் பரணில் எறிந்த இந்தச் சங்கைத்தான் இன்று அரசு மருத்துவமனைகளின் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில், காம்பு சப்ப இயலாத குறைமாதப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, அது விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அது கூடவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் பால் போய்விடும்.

சங்கு, கிண்ணம், கலக்கும் கரண்டி எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவியபின் நீரில் மூழ்கவிட்டு, மூடி, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். எடுத்தபின் துணியால் துடைக்க வேண்டாம். துடைக்கும் முந்தானையில் இருப்பது மீண்டும் பாத்திரத்துக்கு வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன், ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து நீர். இங்கேதான் படித்தவர்களும் தவறுகிறார்கள். நீரைக் காய்ச்சி ஆற வைத்து, வெதுவெதுப்பான பின் மாவைப் போடுவதே சரி என்று பலரும் எண்ணுகிறார்கள். பால்மாவு கிருமியற்ற பொருள் அன்று. ஆலையிலேயே குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் கலந்திருக்கக் கூடும். அரிதே எனினும், இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அது வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலக்க வேண்டும் என்று 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. வெப்பமானி நம் வீட்டில் ஏது? ஒரு லிட்டர் அளவு நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி மூடி வைத்து, அரை மணிக்குள் கலக்கிவிட்டால் அந்தச் சூடு இருக்கும். ஒரு தம்ளர் நீரை மட்டும் கொதிக்க வைத்தால் அது சில நிமிடங்களில் ஆறிவிடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

நீரை முதலில் அளந்து ஊற்றுங்கள்; மாவை அதன்மேல் போடுங்கள். கரண்டியை அமுக்காமல், குவிக்காமல், மரக்காலைத் தலைதட்டி அளப்பது போலக் கத்தி முதுகால் தட்டிப் போட வேண்டும். கூலி நெல்லைத் தலைதட்டி அளந்து கொடுத்துவிட்டு, கடன் நெல்லைக் குவித்து அளந்து வாங்கிய களங்களைப் பார்த்த பரம்பரை நாம். தலைதட்டுவதன் பொருளை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவு குறைந்தால் பிள்ளை தேய்ந்துபோகும். சத்தாக இருக்கட்டும் என்று கூட்டிப் போட்டாலோ, உடலில் நீர் வற்றிச் சிறுநீரகத்துக்குக் கேடு. டப்பாவுக்கு டப்பா கரண்டியும் கணக்கும் மாறும்; ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். சர்க்கரை, தேன், ரொட்டித் தூள், கஞ்சி எதுவும் சேர்க்க வேண்டாம். (தேன் ஒரு வயதுக்குள் நஞ்சாகவே முடியக்கூடும். தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்குக் கணக்கில் பால் விற்பவரிடம் வாங்கிப் புகட்டினால் பிள்ளைக்குக் குரல் வளம் வரும் என்று நம்புவோருக்கு ஒரு சொல்: காய்ச்சாத அந்தப் பாலில் வருவது பெரும்பாலும் கிருமியே.)

கலந்த பாலை மூடி, கிண்ணத்தின் பாதியளவு குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டலாம். கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது, உண்மைதான். அதனால்தான் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் வேளைக்கு வேளை அடுப்பு மூட்டுவதா என்று கேட்பீர்கள். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நல்ல பிளாஸ்க் ஒன்றில், கொதித்த நீரை இறக்கியவுடன் நிரப்பிவிடுங்கள். வேளைக்கு வேண்டிய மாவைத் தலைதட்டி அளந்து, வேகவைத்து நன்கு உலர்ந்த சிறு டப்பிகளில் தனித்தனியே மூடி வையுங்கள். பிள்ளை அழும்போது பிளாஸ்க் நீரை அளந்து ஊற்றி, ஒரு டப்பி மாவைக் கொட்டிக் கலக்கி, ஆற்றிப் புகட்ட ஐந்து நிமிடம் போதும். பிளாஸ்கில் நீர்தான் இருக்க வேண்டும். கலந்த பாலை அதில் ஊற்றி வைப்பது கிருமிக்குக் கூடு கட்டிக் கொடுப்பதாகும். இரவு வேளைக்கும், மருத்துவமனைக்குப் பேருந்தில் போகும்போதும் இதுவே வழி.

இந்த ஏற்பாடு தாய்ப்பாலுக்கும் பொருந்தும் என்பதைப் பல பெண்கள் அறியார். வேலைக்குப் புறப்படும் முன் கையைக் கழுவி, வேகவைத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி, மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால், நம் ஊர் வெயிலிலும் மூன்று மணி நேரத்திற்குள் சங்கால் புகட்டலாம். மாவும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். என் மாணவியின் தாயாரிடம் அன்று மாலை நான் சொன்னது இதைத்தான். என் துணைவியார் உடன் வந்திருந்ததால் சொல்ல முடிந்தது. பால் வற்றிவிட்டதாக அவர் நினைத்திருந்தார். செவிலியர் வந்து பார்த்து, காலையும் மாலையும் இரவும் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இருந்தால் ஊறும் என்று தைரியம் சொன்னார். ஊறியது. டப்பா அடியோடு நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒரு சொல். மாவுப் பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். எந்தத் தெருவின் தண்ணீர் கெட்டிருக்கிறதோ, அந்தத் தெருவின் புட்டி கெட்டிருக்கிறது. 2022 டிசம்பரில், நமக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது எப்படி வெளிப்பட்டது? குழந்தைகள் நோயில் விழுந்த பின்னரே வெளிப்பட்டது. ஆகையால், தொட்டி கழுவிய தேதியைக் கேட்பதும், குளோரின் போட்டார்களா என்று பார்ப்பதும், குழாயடியில் சாக்கடை தேங்கினால் ஊராட்சியில் மனுக் கொடுப்பதும் குழந்தைக்குப் பால் கலக்குவதன் பகுதியே ஆகும். பெண்கள் அடுப்படியில் செய்ய வேண்டியதைச் சொன்னேன். இது இளைஞர்களாகிய நீங்கள் செய்ய வேண்டியது.

மீறியும் வயிற்றுப்போக்கு கண்டால், பாலை நிறுத்தாதீர்கள். துணைச் சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும். கண் குழிந்தாலோ, அழுதால் கண்ணீர் வராவிட்டாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, வேப்பிலை அடிக்க உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

என் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியைக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். 2021 ஜூலை முதல் தமிழ்நாடு அரசு அவ்வாறு உயர்த்தியது, வரவேற்கத்தக்கது. நிறுவனங்களில் வேலை பார்ப்போருக்கு 2017-இல் 26 வாரமாக்கினார்கள். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அப்பால் சேற்றில் குனிந்து நடுபவளுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் தவணை தவணையாக வருவது. இப்போது காரியக்காரர் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடும் ஒப்பந்த நடவு வந்துவிட்டது. கரையேறாதே என்று யாரும் அதட்டுவதில்லை. ஆனால் ஒருத்தி கரையேறினால் பத்துப் பேர் வேலை பின்னடைகிறது. அந்தப் பத்துப் பேரும் நம்மவர்களே. அக்காள் தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் பிள்ளையை வீட்டில் விட்டு வருகிறாள். வீட்டிலிருக்கும் ஏழாம் வகுப்புச் சிறுமி பள்ளியை விட்டு நிற்கிறாள்.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வேலைத்தலத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். அந்த விதியை நடவுக் கூட்டமும் தனக்குத் தானே எழுதிக்கொள்ளலாம் அல்லவா? பதினோராவது ஆளாக ஒரு மூதாட்டியை அழைத்துச் சென்று, களத்து மேட்டு நிழலில் தூளிகளைக் கட்டி, அவருக்கும் ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தால், தாய் இரண்டு முறை கரையேறினாலும் யாருக்கும் மனத்தாங்கல் இராது. இவ்வாண்டு குறுவையில் எங்கள் பக்கத்தில் இரண்டு கூட்டத்தார் அவ்வாறு செய்து பார்த்தார்கள். ஒரு கூட்டம் பங்குத் தகராற்றில் பாதியில் கைவிட்டது; மற்றொன்று நடவு முடியும் வரை நடத்தியது. அந்தக் கூட்டத்துப் பெண்களின் மூத்த பிள்ளைகள் மூவர் என் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த மாதம் மூவரும் ஒரு நாளும் விடுப்பெடுக்கவில்லை.

கழக அலுவலகத்தில் எவர்சில்வர் சங்குகள் பத்தும், பிளாஸ்க்குகள் மூன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். டப்பாவில் உள்ள அளவை அந்த மாணவியே தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அதன் படிகளும் அங்கே இருக்கின்றன. வேண்டுவோர் பேரேட்டில் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் திருப்பித் தந்தால் போதும்.